அடங்கலும் வாய்க்காலும்: முன்னாய்வு மதிப்பீடு என்ற பெயரில் நடப்பது பற்றி

1

நண்பர் ஒருவரின் மகள் டெல்டா விவசாயத் தொழிலாளர் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஆய்வேட்டின் இரண்டாம் இயலைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். தலைப்பு 'முன்னாய்வு மதிப்பீடு'. மொத்தம் நாற்பத்திரண்டு பத்திகள். ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆசிரியர் பெயரில் தொடங்குகிறது. அடைப்புக்குறிக்குள் ஆண்டு, பிறகு நூலின் தலைப்பு, அது எத்தனை இயல்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல், கடைசியில் 'விரிவாக ஆராய்ந்துள்ளார்'. அடுத்த பத்தியில் அடுத்த ஆசிரியர். முதல் பத்தியைத் தூக்கிக் கடைசியில் வைத்தாலும், பதினேழாவதை எடுத்தே விட்டாலும் அந்த இயலுக்கு ஒன்றும் ஆகாது.

"ஏம்மா, இதுல நீ எங்க இருக்கே?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது சாப்டர்ல நம்ம கருத்து வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க மாமா. மத்தவங்க என்ன செஞ்சிருக்காங்கன்னு மட்டும் போட்டா போதுமாம். நம்ம கருத்தெல்லாம் அஞ்சாவது சாப்டர்லதான்."

மதிப்பீடு என்று தலைப்பு இருக்கிறது. மதிப்பிட்டவர் யாரும் இல்லை. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் கிடையாது. அவள் பார்த்த ஆய்வேடுகள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள்.

இது கல்விப்புலத்து உள்விவகாரம், சிறுபத்திரிகைக்காரனுக்கும் களத்தில் நிற்கிறவனுக்கும் இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. தஞ்சையைப் பற்றி, அதன் நிலத்தைப் பற்றி, அந்த நிலத்தில் செத்தவர்களைப் பற்றி ஏற்கனவே என்னென்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை யார் எப்படித் தொகுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இனி என்ன சொல்ல முடியும் என்பது அமைகிறது. ஆவணக்காப்பகம் என்று ஃபூக்கோ 1969-இல் எழுதியபோது சொல்லப்பட்டவற்றின் குவியலை அவர் குறிக்கவில்லை. எதைச் சொல்லலாம், எது சொல்லாக ஏற்கப்படும் என்று தீர்மானிக்கிற விதிகளைத்தான் அப்படி அழைத்தார். இரண்டாம் இயல் என்பது அந்த விதிகள் ஒரு மாணவியின் கைக்குள் இறங்குகிற இடம்.

2

முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இங்கே இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று குறிப்புரை நூலடைவு. ஒரு பொருள் குறித்து வந்த நூல்களை, கட்டுரைகளை, அறிக்கைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து வரியில் அது என்ன சொல்கிறது, எந்தத் தரவை வைத்துச் சொல்கிறது, எவ்வளவு நம்பலாம், யாருக்குப் பயன்படும் என்று எழுதுவது. அதன் அலகு நூல். அகரவரிசையோ கால வரிசையோ, எது இருந்தாலும் சரி. ஒரு குறிப்புக்கும் அடுத்த குறிப்புக்கும் பேச்சுவார்த்தை தேவையில்லை.

இன்னொன்று முன்னாய்வு மதிப்பீடு. வாய்ப்பேச்சில் எல்லோரும் லிட்டரேச்சர் ரிவ்யூ என்கிறோம். 'இலக்கிய மீளாய்வு' என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்ததில் தமிழ்த்துறை மாணவர்கள் பலர் இது ஏதோ கதை, கவிதையை மறுபடி ஆராய்கிற வேலை என்று நினைத்துக்கொண்ட கூத்தும் உண்டு. இதன் அலகு கேள்வி. ஒரே நூல் மூன்று இடங்களில் வரலாம், ஒரு தடித்த நூல் ஒரு வரியில் முடிந்துவிடலாம், எங்கோ ஓர் அறிக்கையின் அடிக்குறிப்பு இரண்டு பக்கம் எடுத்துக்கொள்ளலாம். யார் யாரோடு உடன்படுகிறார்கள், எங்கே முறித்துக்கொள்கிறார்கள், எதைப் பேசாமல் எல்லோரும் சேர்ந்து தாண்டிப்போகிறார்கள் என்பதையெல்லாம் எழுதுகிறவர் தன் பொறுப்பில் சொல்லியாக வேண்டும். பத்திகளை இடம் மாற்ற முடியாது. மாற்றினால் வாதம் உடைந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய இதைவிடச் சுலபமான சோதனை இல்லை.

நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் இப்படிச் சொல்லலாம். பழைய கணக்குப்பிள்ளையிடமும் இன்றைய வி.ஏ.ஓ.விடமும் அடங்கல் என்று ஒரு பதிவேடு உண்டு. சர்வே எண், விஸ்தீரணம், என்ன பயிர், யார் சாகுபடி என்று வயல் வயலாகப் பதிவு இருக்கும். அது இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. பயிர்க்கடனுக்குப் போனாலும் நிவாரணத்துக்குப் போனாலும் அடங்கல் கேட்பார்கள். ஆனால் அடங்கலைப் பார்த்து அந்த ஊரின் தண்ணீர்ச் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது. எந்த வயலிலிருந்து எந்த வயலுக்கு நீர் பாய்கிறது, தலைமடைக்காரர் மதகை அடைத்தால் கடைமடையில் யார் நாற்று காயும் என்பதெல்லாம் வாய்க்கால் வழியே நடந்து பார்த்தால்தான் தெரியும். நூலடைவு அடங்கல். மதிப்பீடு அந்த வாய்க்கால் நடை.

அடங்கலைக் கேவலமாகப் பேசவில்லை. நமக்கு நல்ல நூலடைவுகளே போதாது. மிஷனரி ஜான் மர்டாக் 1865-இல் தமிழ் அச்சு நூல்களுக்குப் பொருள்வாரியாக அட்டவணை போட்டு முன்குறிப்புகளும் எழுதி வெளியிட்டிராவிட்டால், அதற்கு முன் என்னென்ன அச்சாயிற்று என்பதில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குத் தயாரித்த அடைவு 1880-இல் வெளிவந்தது. சரசுவதி மகாலில் என்ன இருக்கிறது என்று வெளியுலகம் அறிந்ததற்கு அது பெரிய காரணம். இந்தப் பட்டியல்களும் அப்பாவிகள் அல்ல என்பது வேறு விஷயம். எதற்கு எத்தனை வரி, எந்தத் தொனி, எந்தத் தலைப்பின் கீழ் என்பதில் மிஷனரியின் கண்ணும் நீதிபதியின் கண்ணும் இருக்கின்றன. ஆனால் அவர்கள் தங்கள் வேலைக்கு அட்டவணை என்றும் அடைவு என்றும்தான் பெயர் வைத்தார்கள். மதிப்பீடு என்று வைக்கவில்லை. நம் சிக்கல் அடங்கலை எழுதிவிட்டு வாய்க்காலைப் பார்த்துவிட்டதாகச் சத்தியம் செய்வது.

3

இது மேல்நாட்டிலிருந்து வந்த முறை, நம் மரபில் இல்லாதது, அதனால் நமக்கு வரவில்லை என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். அது சரியில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் பாயிரத்தில் நூலாசிரியன் பிறர் கருத்தை எதிர்கொள்வதற்கு ஏழு வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஏற்பது, மறுப்பது, முதலில் ஏற்று நடந்து பிறகு கழிப்பது, தானே ஒன்றை நாட்டி அதைக் கடைசிவரை காப்பது, இரண்டு பேர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கம் துணிவது, அடுத்தவர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் ஒட்டாமல் தன் கொள்கையில் நிற்பது. பள்ளிக்கூடத்தில் எழுவகை மதம் என்று மனப்பாடம் செய்ததுதான். ஏழில் ஒன்றுகூட 'விரிவாக ஆராய்ந்துள்ளார்' என்பதாக இல்லை. எல்லாமே நிலைப்பாடுகள்.

உரையாசிரியர்களும் அப்படித்தான். இப்படி உரை கொள்வாரும் உண்டு, அது பொருந்தாது, ஏனென்றால் இன்ன காரணம் என்று முன்னவர் உரையை நிறுத்தி வைத்துப் பேசுவதுதான் அவர்கள் வழக்கம். பெயரைச் சொல்லாமல் 'உளர்' என்று ஒரு கூட்டத்துக்குள் தள்ளிவிடுவதில் ஓர் அதிகாரம் இருக்கிறது. அதைக் கட்டுடைத்துப் பார்க்கவும் வேண்டும். ஆனால் முன்னவர் சொன்னதோடு மல்லுக்கட்டாமல் உரை எழுத முடியாது என்ற ஓர்மை அங்கே இருந்தது. அதைத்தான் தொலைத்திருக்கிறோம்.

இன்னொரு சம்பவமும் டெல்டாவுக்குள்ளேயே இருக்கிறது. 1880-இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்த உ.வே. சாமிநாதையர் அதே ஆண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று தான் மகாவித்துவானிடம் பாடம் கேட்டவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். நீண்ட பட்டியல், எவரும் மலைத்துப்போகிற பட்டியல். முதலியார் மலைக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக முடிந்தது. 'என் சரித்திரம்' படித்த எல்லோருக்கும் தெரிந்த கதை இது. நான் சொல்ல வருவது, அன்றைக்கு அந்த அறையில் நடந்ததுதான் முன்னாய்வு மதிப்பீடு. பட்டியலில் எத்தனை இருக்கிறது என்று எண்ணாமல், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு, எது இல்லாததால் இது இப்படி இருக்கிறது என்று கேட்பது.

4

சும்மா சொல்லிக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்த்துவிடலாம். அந்தப் பெண்ணின் இயலில் உள்ள சிலவற்றையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் அடங்கல் முறை:

கில்பர்ட் ஸ்லேட்டர் (1918): சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர். மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றை ஆராய்ந்தார். தஞ்சை மாவட்டத்தின் பாலக்குறிச்சி அவற்றில் ஒன்று. அக்கிராமங்களை பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு செய்து 1940-இல் வெளியிட்டனர்.

காத்லீன் கஃப் (1955, 1960, 1981, 1989): தஞ்சையின் கும்பாப்பேட்டை, கிரிப்பூர் ஆகிய புனைபெயர் கொண்ட இரு கிராமங்களில் 1951–53-இல் களப்பணி செய்தார். 1976-இல் மீண்டும் வந்து பார்த்தார்.

ஆந்த்ரே பெத்தே (1965): 'ஸ்ரீபுரம்' என்று பெயரிட்ட தஞ்சைக் கிராமத்தில் சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகியவற்றின் உறவை ஆராய்ந்தார்.

கணபதியா பிள்ளை ஆணையம் (1969): கிழக்குத் தஞ்சை விவசாயத் தொழிலாளர் பிரச்சினை பற்றிய அரசு விசாரணை அறிக்கை.

மார்ஷல் பூட்டன் (1985): தஞ்சையில் விவசாயத் தீவிரவாதம் ஏன் சில பகுதிகளில் வேரூன்றியது, சில பகுதிகளில் இல்லை என்று ஆராய்ந்தார்.

தவறு ஒன்றும் இல்லை. ஐந்தும் ஐந்து வயல். அவரவர் வரப்புக்குள் அவரவர். இனி ஒரு கேள்வியை மடையாகத் திறந்துவிடுவோம்: 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நாற்பத்துநான்கு பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும். அதற்கு முன் தஞ்சையைப் பற்றி எழுதிய அறிஞர்களின் எழுத்தில் இந்தத் தீ வரப்போகிறது என்பது ஏன் தெரியவில்லை?

இப்போது அதே நூல்கள் வேறு மாதிரி பேசத் தொடங்குகின்றன. கஃப் பார்த்த இரண்டு கிராமங்களில் கும்பாப்பேட்டை தஞ்சை நகரத்துக்குப் பக்கம், கிரிப்பூர் கிழக்கே நாகப்பட்டினத்துக்குப் பக்கம். 1955-லும் 1960-லும் வந்து உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட அவருடைய கட்டுரைகள் கும்பாப்பேட்டையைப் பற்றியவை. பிராமண மிராசுகள் கோலோச்சிய மேற்கத்திக் கிராமம் அது. கிழக்குக் கிராமம் முழு அளவில் புத்தகத்துக்குள் வந்தது 1981-இல். வெண்மணி எரிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பெத்தேயின் ஸ்ரீபுரமும் காவிரிக்கரை அக்கிரகார ஊர். அங்கே ஒரு பிராமணர் வீட்டில்தான் தங்கியிருந்தார். அதனால் சேரியோடு தனக்கு நெருக்கம் குறைவாகவே இருந்தது என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆக, 'தஞ்சைக் கிராமம்' என்று படிப்புலகத்தில் நிலைபெற்ற சித்திரம் பெரும்பாலும் தலைமடையில் நின்று வரைந்தது. கடைமடை ஆய்வுப்பொருளாக அரசின் கண்ணில் பட்டது எப்போது? தீக்குப் பிறகு, 1969-இல், ஆணைய அறிக்கையாக. அதுவும் 'தொழிலாளர் பிரச்சினை' என்ற பெயரில், நியாயக் கூலிச் சட்டத்துக்கு வழி செய்கிற கோப்பாக.

இதைவிட உறுத்துகிற ஒன்று இருக்கிறது. ஸ்லேட்டரின் பாலக்குறிச்சி எங்கே இருக்கிறது? வெண்மணிக்கு அக்கம்பக்கத்தில். 1918-லேயே, பிறகு 1940-லும் அந்த வட்டாரம் அச்சில் இருந்தது. பட்டியலில் எப்போதும் இருந்தது. அந்தப் பதிவிலிருந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாயவில்லை, அவ்வளவுதான். 2019-இல் வேளாண் ஆய்வாளர்கள் பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்தே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். நூறு வருஷம் கழித்து இரண்டு சர்வே எண்களும் ஒரே பக்கத்தில் வந்தன.

அடுத்து மாறுகோள். கிழக்கே ஏன் என்ற கேள்விக்குப் பூட்டன் மண்ணையும் நீரையும் பயிர்முறையையும் பார்க்கிறார். அவை உருவாக்கிய நிலவுறவு, நிலமற்றவர்களின் அடர்த்தி, அவர்கள் ஒரே சாதியாகச் சேரியில் திரண்டிருந்தது என்று போகிறார். கஃப் உற்பத்தி முறை, காலனியம், வர்க்கம் என்று போகிறார். ஆணையம் கூலிக்கும் விளைச்சலுக்கும் இடையே கணக்குப் பார்க்கிறது. 1990களில் தலித் எழுத்தாளர்கள் கேட்டது வேறு: செத்தவர்கள் எந்தத் தெருவில் செத்தார்கள், அதைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் சொல்வது யாருக்கு வசதி? இந்த நான்கில் ஒரு பக்கம் துணியலாம், அல்லது நான்கும் எங்கே போதாமல் போகின்றன என்று காட்டலாம். 'நால்வரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர்' என்று மட்டும் எழுத முடியாது. எழுதினால் அது பொய்.

நாவல்களும் இதற்குள் வர வேண்டும். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975) சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது என்பது அடங்கல் குறிப்பு. மிராசுதாரின் வன்முறைக்கு அவருடைய ஆண்மைக் குறைபாட்டைக் காரணம் காட்டுவதன் மூலம் அது நிலவுறவை உளவியல் நோயாகச் சுருக்குகிறதா என்ற பழைய விவாதத்தை எடுத்து, டெல்டாவிலேயே வாழ்ந்து எழுதிய சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' (1999) அதற்குப் பதிலாகிறதா என்று கேட்பது மதிப்பீடு. 1973-இல் மிராசுதார்களை விடுவித்த உயர்நீதிமன்றத் தீர்ப்பும் ஒரு பிரதிதான். காரும் நிலமும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அதன் தொனி. கொலைக்குக் காரணம் தேடி மிராசுதாரின் உடம்புக்குள் போகிற நாவலையும், அவருடைய அந்தஸ்தையே சாட்சியாக எடுத்துக்கொள்கிற தீர்ப்பையும் அருகருகே வைத்தால், இரண்டிலும் சேரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரிகிறது. தனித்தனிக் குறிப்பாக எழுதினால் அது ஒருபோதும் தெரியாது.

5

இவ்வளவு வெளிப்படையான வித்தியாசம் ஏன் ஆய்வேடுகளில் அழிந்துபோகிறது? சோம்பல் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. பட்டியல் மரியாதையானது. யாரையும் பகைத்துக்கொள்ளாது. நெறியாளரின் நூலும் அதில் வரும், புறத்தேர்வாளரின் நூலும் வரும், இருவரும் 'விரிவாக ஆராய்ந்துள்ள'வர்கள் ஆவார்கள். இருவரில் ஒருவர் சொன்னது தவறு என்று எழுதினால் வாய்மொழித் தேர்வு நாளன்று யார் வந்து காப்பாற்றுவது? முரண்பாட்டைத் தவிர்க்கிற வடிவம் அப்பாவி வடிவம் கிடையாது. முரண்பாடு யாருக்கு ஆபத்தோ அவர்களைக் காப்பாற்றுகிற வடிவம்.

2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டுக்கு எதிராக விதிகள் கொண்டுவந்தது. ஒப்புமை பத்து சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. அதனால் என்ன நடக்கிறது என்றால், இன்னொரு ஆய்வேட்டிலிருந்து எடுத்த அதே பத்தியில் சொற்களை மட்டும் மாற்றி வைக்கிறார்கள். மென்பொருள் சொற்களைத்தான் பார்க்கும். நூலைப் படித்தாரா என்று அது கேட்காது. இன்றைக்கு இயந்திரத்திடம் கேட்டால் அரை நிமிஷத்தில் பட்டியல் கொடுக்கிறது, சில சமயம் இல்லாத நூலையும் சேர்த்து. பட்டியல் இவ்வளவு மலிந்த பிறகாவது அதை மதிப்பீடு என்று விற்பதை நிறுத்த வேண்டாமா?

6

ஆனால் மதிப்பீட்டுக்கும் ஒரு நோய் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். முன்னாய்வுகளைப் பேசி முடித்ததும் எல்லோரும் எழுதுகிற வாக்கியம் ஒன்று இருக்கிறது: 'இப்பொருள் குறித்து இதுவரை எவரும் ஆராயவில்லை.' இடைவெளியைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். இது பட்டா கேட்கிற மொழி. தரிசு என்று எழுதிக்கொடுத்தால்தானே பட்டா கிடைக்கும்? அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

அடங்கலுக்கும் இதே குறை உண்டு. டெல்டாவில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவர்களின் பெயர் அடங்கலில் ஏறுவது எவ்வளவு பெரிய போராட்டமாக இருந்தது! குத்தகை உரிமையைப் பதிவு செய்யவென்றே 1969-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சாகுபடி செய்தவர் ஒருவர், பதிவில் இருப்பவர் இன்னொருவர். அறிவிலும் அப்படித்தான். வெண்மணியைப் பற்றி யாரும் ஆராயாத காலத்திலும் நடவு வயலில் பாட்டிருந்தது. சங்கத் துண்டறிக்கைகள் இருந்தன. மைதிலி சிவராமன் போன்றவர்கள் நேரில் போய் எழுதியது இருந்தது. தப்பிப் பிழைத்தவர்களின் பேச்சு இருந்தது. 2005-இல் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' எடுத்தபோது அது படமாகவும் பதிவாயிற்று. இவற்றுக்கு ஐ.எஸ்.பி.என். எண் இல்லை, ஆய்விதழ்த் தரவரிசை இல்லை. அதனால் துணைநூற்பட்டியலில் இடமில்லை. நூலடைவில் இடமில்லாதது மதிப்பீட்டில் இடைவெளியாகிறது. இடைவெளி ஆய்வாளருக்குப் பட்டாவாகிறது.

ஆகவே இரண்டும் வேண்டும், அந்தந்த வேலைக்கு. நூலடைவு அகலமாக வேண்டும், துண்டறிக்கையும் பாட்டும் தீர்ப்பும் வாய்மொழியும் தனித்தனி எண் பெறுகிற அளவுக்கு. 1991-இல் நாகப்பட்டினமும், 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களான பிறகு பழைய நூல்களின் 'தஞ்சை' இன்றைய எந்த ஊர் என்று சொல்கிற குறிப்புகூட நல்ல நூலடைவின் வேலைதான். மதிப்பீடு அதன் மேல் நடக்க வேண்டும். 'எவரும் ஆராயவில்லை' என்பதற்குப் பதிலாக, 'யார் சொன்னது ஆய்வாக ஏற்கப்படவில்லை, ஏன்' என்று எழுதுகிற நேர்மை வேண்டும்.

7

கல்லூரிக்காரர்களை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. வருஷா வருஷம் டிசம்பர் 25-க்கு நாம் போடுகிற மலர்களை எடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் செத்தார்கள், எந்தத் தேதி, தீர்ப்பில் என்ன சொன்னார்கள், யார் யார் எழுதினார்கள். போன வருஷம் போட்ட பத்திகள் இந்த வருஷம் இடம் மாறியிருக்கும். அதுவும் இடம் மாற்றக்கூடிய பத்திகள்தான். வர்க்கமா சாதியா என்ற கேள்வியில் அவரவர் மலரில் அவரவர் வரப்பு. இடதுசாரி மலரில் தலித் விமர்சகரின் வாதத்துக்குப் பதில் இருக்காது. தலித் இதழில் சங்கம் அந்த மண்ணில் என்ன செய்தது என்பதற்கு இரண்டு வரிக்கு மேல் இருக்காது. அஞ்சலிக்குப் பட்டியல் போதும். அடுத்து என்ன செய்வது என்று கேட்கிற அரசியலுக்குப் போதாது.

அந்தப் பெண் மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தாள். நாற்பத்திரண்டு பத்திகள் இப்போது மூன்று கேள்விகளின் கீழ் பதினொரு பக்கமாகியிருந்தன. பதினாறு நூல்கள்தான் மிச்சம்.

"மத்ததெல்லாம் எங்கம்மா?"

"அதுல பாதிய நான் படிக்கவே இல்ல மாமா. வேற தீசிஸ்லேருந்து எடுத்தது. ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கணும்னு உக்காந்தப்பதான் தெரிஞ்சுது, எனக்கு அதுல என்ன இருக்குன்னே தெரியாதுன்னு. படிச்சது மட்டும் வச்சிருக்கேன். மிச்சத்தப் படிச்சிட்டு நூலடைவாப் பின்னிணைப்புல போடப் போறேன்."

அவளுடைய அம்மாச்சி நடவுக்குப் போனவர். அவர் பாடிய இரண்டு பாட்டையும் ஊர்ப்பெயர், பாடிய வயல், எழுதிக்கொண்ட தேதியோடு அந்தப் பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறாள், தனி எண் கொடுத்து. இது நிற்குமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டாவது இயலில் கருத்து இருக்கிறது என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். அனுப்பினால் அந்தக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கும்படி சொல்லியிருக்கிறேன். வந்தால் அதுவும் டெல்டா பற்றிய ஒரு பிரதிதான். அதற்கும் ஒரு குறிப்பு எழுதி எண் கொடுத்துவிடலாம்.

டெல்டா பற்றிய துண்டறிக்கைகள், மலர்கள், விசாரணைக் குழு அறிக்கைகள், பாட்டுகள் வைத்திருக்கிற நண்பர்கள் ஒரு நூலடைவுக்குக் கைகொடுக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு பிறகு சண்டை போடுவோம்.